பூனைக்காலி விதையிலேயே பார்க்கின்சன் மருந்து இருக்கிறதாமே, பிறகு ஏன் மருத்துவர்கள் மாத்திரை எழுதுகிறார்கள்? மருந்து நிறுவனங்கள் மறைக்கின்றனவா?

பொழுது போகாமல் நீங்கள் இதைக் கேட்டிருக்க மாட்டீர்கள். வீட்டில் யாருக்கோ கை நடுங்குகிறது. உறவுக்காரர் ஒருவர் பொடி டப்பா ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்படித்தானே? எங்கள் வீட்டுக்கும் ஒரு டப்பா வந்தது. அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

பூனைக்காலியில் எல்-டோபா இருப்பது புரளி அல்ல. பார்க்கின்சனில் மூளையில் குறைந்துபோவது டோபமின் என்ற ரசாயனம்; உடலுக்குள் போய் அந்த டோபமினாக மாறுவதுதான் எல்-டோபா. 1937-இலேயே சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசாமியும் அந்த விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்துக் காட்டிவிட்டார்கள். பார்க்கின்சனுக்கு அது உதவும் என்று அன்று யாருக்கும் தெரியாது. 20 ஆண்டுகள் கழித்து சுவீடனில் கார்ல்சன் என்ற விஞ்ஞானி, முயல்களுக்கு ரெசர்பின் என்ற மருந்தைக் கொடுத்து அசையாமல் கிடக்கச் செய்து, பிறகு டோபா ஊசி போட்டு எழுப்பினார். அங்கிருந்துதான் பார்க்கின்சன் மருந்துக்கு வழி பிறந்தது. அந்த ரெசர்பின் நம் சர்ப்பகந்தா வேரின் சரக்கு. படுக்க வைத்ததும் செடியில் இருப்பது, எழுப்பியதும் செடியில் இருப்பது! எனக்கு இன்றும் இதில் பெருமைதான். மூலிகை என்றாலே முகம் சுளிக்கிறவள் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வல்லாரையோடு நாலரை வருடம் மல்லுக்கட்டி முனைவர் பட்டம் வாங்கியவள் நான்.

அந்த நாலரை வருடத்தில் என்ன செய்தேன் என்று கேளுங்கள். இரண்டு கிலோ காய்ந்த இலையை ஊறவைத்து, வடித்து, சிலிக்கா ஜெல் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் சொட்டுச் சொட்டாக இறக்கினால், கடைசியில் குப்பியின் அடியில் விபூதி போல ஒரு சிட்டிகை ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் தட்டில் வளர்த்த நரம்புச் செல்கள் மேல் விட்டோம். செல்கள் கொஞ்சம் கூடுதலாகப் பிழைத்தன. கட்டுரை வெளிவந்தது, அத்தை கேசரி கிண்டினார். ஆனால் அந்த மூலக்கூறு குடலில் உறிஞ்சப்படுமா, கல்லீரல் விட்டுவைக்குமா, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பைத் தாண்டுமா? இவற்றுக்கெல்லாம் என் ஆய்வேட்டில் ஒரு பக்கம்கூடக் கிடையாது.

இனி அப்பா கதை. பார்க்கின்சனுக்கு மாத்திரை சாப்பிட்டு ஓரளவு நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார். “அண்ணா, இது வெறும் விதைப்பொடி, பக்க விளைவே கிடையாது” என்று அத்தை டப்பாவைக் கொண்டுவந்தார். மூன்றாவது நாள் அப்பாவின் நடுக்கம் அடங்கியிருந்தது. அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு வாரத்தில் கழுத்து தானாக வளைய ஆரம்பித்தது. தோள் நெளிந்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் கச்சேரிக்குத் தலையாட்டுவது போல இருக்கும். எதிர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “சார் இன்றைக்கு நல்ல உற்சாகத்தில் இருக்கிறார்” என்றார். அப்பா கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, “நிறுத்த முடியவில்லை அம்மா” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

மருத்துவரின் முதல் கேள்வி, “வேறு என்ன சாப்பிடுகிறார்?” டப்பாவைக் காட்டினேன். அங்கேயே மனக்கணக்குப் போட்டேன். முதல் நாளே போட்டிருக்க வேண்டிய கணக்கு. விதையில் எல்-டோபா சுமார் 3 முதல் 6 சதவீதம். ரகத்துக்கு ரகம் மாறும். ஒரு தேக்கரண்டி 5 கிராம் என்றால் 150 முதல் 300 மில்லிகிராம். அப்பாவின் மாத்திரையில் இருந்தது அதே எல்-டோபா 100 மில்லிகிராம், கூடவே கார்பிடோபா என்ற துணை மருந்து 25 மில்லிகிராம். மூளைக்குப் போகும் வழியிலேயே எல்-டோபா டோபமினாக மாறி வீணாகாமல் காப்பதுதான் கார்பிடோபாவின் வேலை. டோபமினாக மாறிவிட்டால் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் அந்தத் தடுப்பைத் தாண்ட முடியாது. மாத்திரைக்காக நின்ற காவல், பொடிக்கும் சேர்த்து வழிவிட்டுவிட்டது. மாத்திரைக்குமேல் மாத்திரையாக நாங்களே ஊட்டியிருக்கிறோம். அளவு மிஞ்சியதால் வந்ததுதான் அந்த நெளிவு.

டப்பாவின் மூடி இறுக்கமானது. நடுங்கும் கையால் அப்பாவால் திருக முடியாது. தினமும் திறந்து கொடுத்தது நான்தான்.

2004-இல் லண்டனில் 8 நோயாளிகளுக்கு இந்த விதைப்பொடியைக் கொடுத்து ஆராய்ந்தார்கள். 30 கிராம் பொடி, வழக்கமான மாத்திரையைவிட வேகமாக வேலை செய்தது, நெளிவும் கூடவில்லை. உண்மைதான். ஆனால் அங்கே அளந்த பொடி, மருத்துவர் கண்காணிப்பு, மாத்திரையும் பொடியும் தனித்தனி நாளில். எங்கள் வீட்டில் நடந்தது அதுவல்ல. நிறுவனங்கள் மறைக்கின்றன என்பதையும் நான் ஏற்கவில்லை. ஸ்னோடிராப் என்ற குளிர்நாட்டுப் பூச்செடியிலிருந்து பல்கேரியாவில் 1950-களில் எடுத்த காலந்தமின் என்ற மருந்தை, 2001-இல் அமெரிக்காவில் அல்சைமர் என்ற மறதி நோய்க்கு அனுமதித்தார்கள். நோயை அது தீர்க்காது, மறதியைக் கொஞ்ச காலம் மட்டுப்படுத்தும், அவ்வளவே. அதை விற்றதும் நிறுவனங்கள்தானே.

என் கோபமெல்லாம் மருந்துக் கடைக்காரர்கள் மேல். “இதுவும் அதேதான்” என்று மாதத்துக்கொரு கம்பெனி மாத்திரையைக் கொடுக்கிறார்கள். போன மாதம் மஞ்சள், இந்த மாதம் நீலம். நீலம் தன்னுடையது இல்லை என்று அப்பா இரண்டு வேளை துப்பிவிட்டார். கேட்டால், “ஸ்டாக் இல்லை மேடம்.” கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

உங்கள் வீட்டு டப்பாவை அடுத்த முறை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அதுவரை மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டப்பாவின் பின்புறத்தையும் படியுங்கள். எங்களுடையதில் எத்தனை மில்லிகிராம் என்று எங்குமே இல்லை. “காலை, மாலை ஒரு தேக்கரண்டி, பாலில்” என்று மட்டும் போட்டிருந்தது. பாலில் உள்ள புரதம் எல்-டோபா உள்ளே போவதற்கே போட்டியாக நிற்கும் என்பது அதை அச்சடித்தவருக்குத் தெரியவில்லை.