லேபிளில் சத்து ஒரே அளவு இருந்தால் பாக்கெட் உணவும், ஆலையில் பதப்படுத்தாத முழு உணவும் ஒன்றுதானே?

இல்லை. புரதம், கொழுப்பு, சர்க்கரை எல்லாம் சமமாக இருந்தாலும் உடம்பு இரண்டையும் ஒன்றாக நடத்துவதில்லை. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை நான்கு வாரம் தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு. பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். 2019இல் முடிவு வெளியானது. பதப்படுத்திய உணவைத் தின்ற நாட்களில் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. எடை கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறியது. முழு உணவில் அதே அளவு இறங்கியது!

ஒரு முக்கியமான விஷயம், பதப்படுத்திய உணவை அவர்கள் வேகமாகச் சாப்பிட்டார்கள். மென்று தின்ன வேலையில்லை, வயிறு நிறைந்தது தெரிவதற்குள் தட்டு காலி. அந்த உணவில் நார்ச்சத்து குறைவு என்பதால், அதைக்கூடப் பானத்தில் கலந்துதான் கணக்கைச் சரிக்கட்ட முடிந்தது.

சரி, எங்கே தொடங்குவது? மாலை பிஸ்கட்டை விட்டுவிட்டுக் கொண்டைக்கடலைச் சுண்டல் சாப்பிடுங்கள். அப்புறம், ஜூஸ் வேண்டாம், பழத்தைக் கடித்தே தின்னுங்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரிடம் பேசிவிட்டு மாற்றுங்கள்.