வால்டர் கேம்ப்: ஆட்டக்காரராக இருந்து பயிற்சியாளரானவரை ஏன் 'அமெரிக்கக் கால்பந்தின் தந்தை' என்கிறார்கள்?

அவர் எழுதவைத்த விதிகளுக்காகத்தான். 1859-இல் பிறந்த கேம்ப், 1876 முதல் 1882 வரை யேல் பல்கலைக்கழக அணிக்கு ஆடினார். அப்போது ஆட்டம் ஏறக்குறைய ரக்பிதான், அதாவது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்: இரு அணியும் முட்டிமோதும், பந்து யாருக்குப் போகும் என்பது அதிர்ஷ்டம்.

1880-இல் அவர் யோசனைப்படி அணிக்கு 15 பேர் 11 ஆனார்கள். பந்து வைத்திருக்கும் அணியே அதைக் காலால் பின்னுக்குத் தட்டி ஆட்டத்தைத் தொடங்கலாம் என்றானது. இதில் ஒரு ஓட்டை. பந்தை விடாமல் வைத்திருந்தால் தோற்கவே மாட்டோமே! 1881-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அணியும் யேலும் மோதிய ஆட்டத்தில், பிரின்ஸ்டன் முதல் பாதி முழுக்கப் பந்தைப் பிடித்துக்கொண்டது, யேல் இரண்டாம் பாதி முழுக்க. முடிவு 0-0, பார்த்தவர்களுக்கு எரிச்சல்.

மருந்து 1882-இல் வந்தது: மூன்று முயற்சிக்குள் 5 கெஜம் முன்னேறு, இல்லாவிட்டால் பந்தைக் கொடு. அளப்பதற்காக 5 கெஜத்துக்கு ஒரு கோடு போட்டதில் மைதானம் இரும்புக் கம்பி அடுப்புத்தட்டு போலானது. அந்தத் தட்டின் ஆங்கிலப் பெயரான 'கிரிட்அயர்ன்' என்பதே மைதானத்துக்கும் நிலைத்தது.

1888 முதல் 1892 வரை யேலின் பயிற்சியாளர். கடிகார நிறுவன வேலை பகலில் அவரை விடாததால், பயிற்சியைப் பார்த்துக் குறிப்பெடுத்து வந்தவர் மனைவி ஆலிஸ். அந்த உழைப்புக்குப் பெயர் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம். பிறகு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலும் பயிற்சி தந்தார். 1925-இல், விதிக்குழுக் கூட்டத்துக்காக நியூயார்க் போயிருந்தபோது இறந்தார்.