டம்ளருக்கு ஏன் வேர்த்தது?

கேள்வி: ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்துகளைப் படிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் என்று போன வருடம் பரிசோதனையில் சொன்னார்கள். பள்ளியில் சொல்லவில்லை, ஊருக்குத் தெரிந்துவிடுமே. அறிவியலில் எப்போதும் ஃபெயில். கேள்வி-பதிலைப் பத்து முறை எழுத வைக்கிறேன். அவனோ, ஐஸ் தண்ணி டம்ளருக்கு வெளியே ஏன் வேர்க்கிறது என்று தங்கைக்குக் கதையளந்துகொண்டிருந்தான். அதட்டி எழுத உட்காரவைத்தேன். அவன் அப்பாவுக்கு இதற்கெல்லாம் நேரமில்லை. இன்னொரு டியூஷன் சேர்க்கலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம். இருக்கிற டியூஷனே அதிகம்.

தங்கைக்கு அவன் என்ன சொன்னான் என்று நீங்கள் எழுதவே இல்லையே, அம்மா. காது கொடுத்திருந்தால்தானே எழுத முடியும்? காற்றிலிருக்கும் நீராவி குளிர்ந்த டம்ளரில் பட்டுத் துளியாகிறது என்றானா? அப்படியென்றால் அந்தப் பாடம் அவனுக்கு வந்துவிட்டது. டம்ளர் ஒழுகுகிறது என்றானா? தண்ணியில் கொஞ்சம் மஞ்சள் தூளைக் கலக்கி, வெளியே துளிர்ப்பது மஞ்சளா என்று பார்க்கச் சொல்லியிருக்கலாம். சமையலறையில் இல்லாத பொருளா? அவன் சொன்னதைக் கதை என்றீர்கள். எது அவனுக்கு மலையோ அதையே பத்து முறை ஏறச் சொன்னீர்கள்.

'உருகுதல்', 'உறைதல்' என்று அடுத்தடுத்து அச்சடித்திருந்தால் அவனால் சட்டென்று பிரித்துப் படிக்க முடியாது. மெழுகை உருக்கிக் காட்டி, இது என்ன என்று வாயால் கேளுங்கள், சொல்வான்.

பள்ளியிலும் இதைத்தான் கேட்க வேண்டும். கேள்வியை டீச்சர் வாசித்துக் காட்டட்டும். பதிலை அவன் வாயால் சொல்லட்டும், இல்லை படம் வரைந்து பாகம் குறிக்கட்டும். போர்டைப் பார்த்து எழுதுவதற்குப் பதில் அச்சடித்த தாள் தரட்டும். அறிவியல் தாளில் எழுத்துப் பிழைக்கு மார்க் குறைக்கக் கூடாது. எல்லார் முன்னாலும் எழுப்பி வாசிக்கச் சொல்லவே கூடாது. சோதனை செய்யும்போது பக்கத்துப் பையன் படிக்க, இவன் செய்யட்டும்.

இது சலுகை கேட்டுக் கெஞ்சும் விஷயமல்ல. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. அதற்கேற்றபடி சொல்லிக்கொடுப்பது பள்ளியின் பொறுப்பு. முறையான சான்றிதழ் இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் கேட்டுப் பெறலாம்.

நேரமில்லாத அந்த அப்பாவுக்கு ஒரு வார்த்தை. ஃபீஸ் கட்டுவதோடு தகப்பன் வேலை முடிந்துவிடாது. கல்யாணம், காதுகுத்துக்கு லீவு கிடைக்கிறதல்லவா? அரை நாள் லீவு போட்டு மனைவியோடு பள்ளிக்குப் போங்கள். ஊருக்குத் தெரிந்தால் தெரியட்டும், பிள்ளை திருடவில்லை. பீரோவில் பூட்டி வைத்திருக்கும் அந்தப் பரிசோதனை அறிக்கையை ஜெராக்ஸ் எடுத்து, இந்த வாரமே டீச்சர் கையில் கொடுங்கள்.