டிரை பேக், ஃப்ளோட் பேக்: புதிதாகக் கயாக் ஓட்டுபவர்களுக்குக் கேள்வி பதில்

கே: அண்ணா, 20 லிட்டர் டிரை பேக் (வாயைச் சுருட்டி மூடுற, தண்ணி புகாத பை) புதுசா வாங்கினேன். முட்டுக்காட்டுல ஒரே ஒரு தடவைதான் கவிழ்ந்தோம், உள்ள இருந்த துணியெல்லாம் ஈரம். பை டூப்ளிகேட்டா?

பை மேல் பழி போடுவதற்கு முன் மூடிய விதத்தைப் பாருங்கள். வாய் வரை திணித்திருந்தால் சுருட்ட இடம் இருந்திருக்காது. மேலே மூன்றில் ஒரு பங்கு காலியாக விடுங்கள். வாயின் இரண்டு பட்டைகளும் சுருக்கமில்லாமல் படிய வேண்டும். காற்றை வெளியேற்றி, இறுக்கமாகக் குறைந்தது மூன்று சுற்று சுருட்டிவிட்டு பக்கிளை மாட்டுங்கள். மடிப்பில் சட்டை நுனி சிக்கியிருந்தால் அது திரி மாதிரி தண்ணீரை உள்ளே இழுக்கும். மூடியதும் பையை அமுக்கிப் பாருங்கள். 'உஸ்' என்று காற்று வந்தால் அவிழ்த்துத் திரும்பச் சுருட்டுங்கள்.

இன்னொன்று: சுருட்டி மூடும் பை தெறிப்புக்கும், கொஞ்ச நேரம் முழுகுவதற்கும்தான். மணிக்கணக்கில் தண்ணீருக்கடியில் கிடந்தால் எந்தச் சுருட்டும் கசியும்.

கே: போனையும் அதுலயே போட்டுடலாமா சார்?

வேண்டாம். படகு ஒரு பக்கம் போய், நீங்கள் ஒரு பக்கம் மிதந்தால் போன் யாருக்கு உதவும்? தனி பவுச்சில் போட்டு லைஃப் ஜாக்கெட் பாக்கெட்டில் வையுங்கள். பவுச்சில் முதலில் டிஷ்யூ பேப்பரை மட்டும் வைத்து, வாளித் தண்ணீரில் கல்லை ஏற்றி அரை மணி நேரம் அமுக்கி வையுங்கள். பேப்பர் காய்ந்தபடியே இருந்தால் போனை நம்பிக் கொடுக்கலாம். போன் பெட்டியில் இருக்கும் ஐபிஎக்ஸ்7 என்பது அசையாத நல்ல தண்ணீரில் 1 மீட்டர் ஆழம், 30 நிமிடம் என்ற கணக்கு. அலை அடிப்பதும் உப்பும் அதில் சேராது.

கே: என்னோடது உள்ள உக்காந்து ஓட்டுற கயாக். பின்னாடி மட்டும் தடுப்பு இருக்கு, முன்னாடி திறந்த மேனி. ஃப்ளோட் பேக் (படகுக்குள்ள ஊதி வைக்கிற காற்றுப் பை) விலை அதிகம். டிரை பேக்கையே முன்னாடி செருகிட்டா மிதக்காதா?

மிதக்கும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. நல்ல தண்ணீரில் ஒரு லிட்டர் இடத்தை அடைத்தால் ஒரு கிலோ தூக்கும். கடலில் கொஞ்சம் கூடுதல். 20 லிட்டர் பைக்குள் 6 கிலோ சாமான் இருந்தால் மிச்சம் 14 கிலோதான். சாமானே இல்லாமல் காற்று மட்டும் இருந்தால் ஏறக்குறைய 20 கிலோ.

உங்கள் படகு கவிழ்ந்தால் தடுப்புச் சுவர் அடைத்த பின்பக்கத்தில் காற்று நிற்கும், முன்பக்கம் நிரம்பும், மூக்கு கீழே போய் வால் மேலே தூக்கும். அப்புறம் ஏறவும் முடியாது, தண்ணீரை இறைக்கவும் முடியாது. உள்ளே 150 லிட்டர் புகுந்தால் அது 150 கிலோ எடை. கரையில் நாலு பேர் திணறுவார்கள். முன்பக்கத்தை அடைப்பதே தண்ணீருக்கு அந்த இடத்தைக் கொடுக்காமல் இருக்கத்தான்.

ஃப்ளோட் பேக்கைக் காற்றில்லாமல் முனை வரை தள்ளி, பிறகு குழாய் வழியே ஊதுங்கள். கால் மிதிக்கும் இடத்துக்கு முன்பே பை முடிந்துவிட வேண்டும். பாதம் மாட்டினால் கவிழ்ந்தபோது வெளியே வர முடியாது. கட்டாத பை கவிழ்ந்த நொடியே வெளியே மிதந்து போய்விடும் என்பதால், படகின் உடலிலேயே இருக்கிற வளையத்தில் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். வெயிலில் முழுக்க ஊதி வைக்காதீர்கள். 25 டிகிரியிலிருந்து 50க்குப் போனால் உள்ளிருக்கும் காற்று சுமார் 8 சதவீதம் விரியும், ஒட்டு பிரியும். தண்ணீரில் இறக்கிய பின் குளிர்ந்து தொய்யும். அப்போது இன்னும் கொஞ்சம் ஊதுங்கள்.

டிரை பேக்தான் என்றால் தூக்கப்பை, மாற்றுத்துணி போன்ற லேசானவற்றை மட்டும் வைத்து, காற்றை வெளியேற்றாமல் மூடி, இதேபோலக் கட்டுங்கள். என் ஓட்டு அதைவிட பாலிஎதிலீன் ஃபோமுக்கு. நீச்சல் குளத்து நூடுல்ஸை இறுக்கிக் கட்டினாலும் சரி, ஓட்டை விழுமோ என்ற கவலை கிடையாது. தெர்மாகோல் வேண்டாம், உதிர்ந்து தண்ணீரெல்லாம் குப்பையாகும்.

எதை வைத்தாலும் இடுப்பளவு தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்த்து, இரு முனையும் சமமாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

கே: மட்டக்களப்புக் களப்பில நாங்கள் ஓடுறது மேல இருந்து ஓடுற சிட்-ஆன்-டாப். அதுக்கும் காற்றுப் பை வேணுமோ?

உடல் மூடியிருப்பதால் பெரும்பாலும் வேண்டாம். ஆனால் வடிகால் மூடி, ஹேட்ச் (சாமான் வைக்கும் அறை) மூடி, மேலே விழும் தண்ணீர் வடியும் வடிதுளைகளைச் சுற்றி வரும் வெடிப்பு, இந்த மூன்றும் தண்ணீரை உள்ளே விடும். படகு வழக்கத்தைவிட மந்தமாகவும் தள்ளாட்டமாகவும் இருந்தால் உடனே கரைக்கு வாருங்கள். ஒரு முனையைத் தூக்கினால் உள்ளே சலசலப்புக் கேட்கும்.

கே: கடையில் 50 நியூட்டன் ஜாக்கெட் கொடுக்கிறார்கள். எனக்கு நீச்சல் தெரியாது.

அப்படியானால் அது உங்களுக்கு இல்லை. 50 நியூட்டன் என்றால் ஏறத்தாழ 5 கிலோ தூக்கும். நீச்சல் தெரிந்தவர், அமைதியான தண்ணீர், பக்கத்தில் உதவி, இதற்கானது. மயங்கினால் முகத்தை மேலே திருப்பாது. 100 நியூட்டனோ அதற்கு மேலோ கேளுங்கள். போட்டு இறுக்கிய பின் யாரையாவது தோள் பட்டையை மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் முகவாய்க்கு ஏறினால் அளவு பெரிசு.

கே: அக்கா கேக்குறாங்க, டிரை பேக்ல ஊசி ஓட்டை. ஃபெவிகுவிக் ஒட்டுமா?

காய்ந்தால் விறைத்து, மடித்ததும் உடையும். காற்றை அடைத்துச் சோப்புத் தண்ணீர் தடவினால் ஓட்டை குமிழி விடும். காயவைத்து ஸ்பிரிட்டால் துடைத்து, ஓட்டையைச் சுற்றி 2 செ.மீ. தாண்டும்படி அதே ரகத் துண்டை ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பிவிசி பைக்கு பிவிசி பசை. நைலான் பை என்றால் அதற்கென்று விற்கும் பசை.

கே: பை போய்விடாமல் என் இடுப்பில் கட்டிக்கொள்ளலாமா?

கூடாது. கவிழ்ந்தால் அந்தக் கயிறே உங்களைப் படகோடு சிக்கவைக்கும். படகில் கட்டுங்கள், தொங்கும் நுனியை வெட்டிவிடுங்கள்.