திரைபடிப்பான் தமிழ் பிடிஎஃப் நூல்களைப் படிக்காதது பற்றி

வணக்கம். உங்கள் கல்லூரி நூலகத்தின் தமிழ் பிடிஎஃப் நூல்களுள் சில, பார்வையற்ற மாணவருக்குத் திரையிலுள்ள உரையை உரக்கப் படித்துக்காட்டும் திரைபடிப்பான் மென்பொருளான என்விடிஏவில் மௌனமாக இருப்பதாகவும், சில பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக ஒலிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள்.

மௌனமாக இருப்பவை பக்கங்களின் வெறும் படங்கள். அவற்றை டெசராக்ட் போன்ற எழுத்துணரியின் (படத்திலுள்ள எழுத்துகளை அடையாளம் காணும் மென்பொருள்) வழியாக உரையாக்கலாம். ஆனால் 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் வரும் ‘றா’, ‘னை’ ஆகியவற்றின் பழைய வடிவங்களில் இக்கருவி எளிதில் இடறும் என்பதால், மெய்ப்புப் பார்க்காமல் மாணவரிடம் கொடுக்காதீர்கள்.

ஆங்கிலமாக ஒலிப்பவை பெரும்பாலும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. திரையில் ‘அ’ என்று தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பது ஆங்கிலச் சிறிய ‘எம்’ எழுத்தே; திரைபடிப்பான் உள்ளதை உள்ளபடியே படிக்கிறது, பிழை அதனுடையதன்று. பதிப்பகத்தாரிடம் மூலக் கோப்பைக் கேட்டுப் பெற்று, எல்லாக் கருவிகளும் தமிழாகவே அறியும் பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு மாற்றி, இயல் தலைப்புகளைத் தலைப்புகளாகவே குறித்து இபப் என்னும் மின்னூல் வடிவில் கொடுத்தால், மாணவர் இயல் விட்டு இயல் தாவிப் படிக்க முடியும்.

பதிப்புரிமை பற்றிய உங்கள் தயக்கத்துக்கு இடமில்லை: மாற்றுத்திறனாளிகள் கல்விக்காகப் பயன்படுத்தும் அணுகத்தக்க படிகளை இலாப நோக்கமின்றி உருவாக்க இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளிக்கிறது; அப்படிகளைப் பொதுத் தளத்தில் வைக்காமல், அவர்களுக்கு மட்டும் வழங்குங்கள்.