தினமும் குளோரின் போட்டுக் கழுவியும் பன்னீர் ஏன் நாலு நாளில் வழவழவென்று ஆகிறது?

கேட்டவர் சிறிய பன்னீர் யூனிட் வைத்திருக்கிறார். வேலை முடிந்ததும் சுடுதண்ணீர், சோப்பு, கடைசியில் குளோரின் என்று தினமும் கழுவுகிறாராம். ஆனாலும் நாலாம் நாளே பன்னீர் மேல் வழவழப்பு வந்துவிடுகிறது, மேசையில் ஸ்வாப் (பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுக்கும் மாதிரி) எடுத்தால் பாக்டீரியா எண்ணிக்கையும் குறையக் காணோம். குளோரினை இரண்டு மடங்காக்கலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம். நான் சில வருடம் ஒரு பால் ஆலையில் தரக் கட்டுப்பாட்டில் இருந்தேன், அங்கே நாங்களும் இதைத்தான் செய்தோம். பாக்கெட் பாலில் கோலிஃபார்ம், அதாவது சுத்தக் குறைவைக் காட்டும் பாக்டீரியா, வந்துகொண்டே இருந்தது. பாலைச் சூடாக்கிக் கிருமியைக் கொல்லும் பேஸ்சுரைசர் 72 டிகிரியில் 15 விநாடி ஒழுங்காக ஓடுகிறது, பால் சரியாகச் சூடானதா என்று காட்டும் பாஸ்ஃபடேஸ் டெஸ்ட்டும் சரி, அப்படியென்றால் கிருமி அதற்குப் பிறகுதான் எங்கோ சேர்கிறது. எங்கே என்று தெரியாமல் சேனிட்டைசர் அளவைக் கூட்டிக்கொண்டே போனோம். மூன்று வாரம் கழித்து வயதான ஃபிட்டர் ஒருவர், "தம்பி, அந்த வால்வைக் கழற்றியே வருஷம் ஆச்சு, முதல்ல அதைப் பாருங்க" என்றார். கழற்றினால், கசியாமல் இருக்க வைக்கும் ரப்பர் வளையமான கேஸ்கட்டில் ஒரு வெடிப்பு, அதற்குள் சாம்பல் வெள்ளையில் பிசின் மாதிரி ஒரு படலம், கெட்டுப்போன மோர் நாற்றம். நகத்தால் சுரண்டினால்தான் வந்தது. கேஸ்கட்டை மாற்றிய பிறகுதான் கவுண்ட் இறங்கியது.

அந்தப் படலத்துக்குத்தான் பயோஃபிலிம் என்று பெயர். பாக்டீரியா ஓரிடத்தில் ஒட்டியதும் சர்க்கரை, புரதம் எல்லாம் கலந்த ஒரு பசையைச் சுரந்து அதற்குள்ளேயே குடியிருக்கிறது. மேலே ஊற்றுகிற குளோரின் அந்தப் பசையோடும் ஒட்டியிருக்கிற பால் புரதத்தோடும் வினைபுரிந்தே தீர்ந்துபோகும், அடியில் இருப்பதற்கு ஒன்றும் ஆகாது. கூடுதலாகப் போட்டால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில்தான் பொடிப்பொடியாகக் குழி விழும். பாக்டீரியாவின் நீளம் ஒன்றிரண்டு மைக்ரான்தான், அந்தக் குழி அதற்கு வீடு மாதிரி.

வீட்டில் குடத்தைப் புளி போட்டுத் தேய்ப்பார்களே, அதில் இருக்கிற இரண்டு வேலையும் உங்கள் யூனிட்டில் நடக்கவில்லை என்று நினைக்கிறேன். ஒன்று தேய்ப்பு, இன்னொன்று புளிப்பு. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர் என்றால், அந்த உப்பும் பாலில் இருக்கும் கால்சியமும் சேர்ந்து பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும், சோப்புக்கு அது அசையாது. பெரிய ஆலைகளில் காஸ்டிக் சோடா கரைசல் ஓட்டிய பிறகு நைட்ரிக் ஆசிட் ஓட்டுவது இதற்காகத்தான். கையால் கழுவுகிற இடத்தில் வாரம் ஒரு தடவை சிட்ரிக் ஆசிட் போட்டுத் தேய்த்தால் போதும். ஆனால் ஆசிட்டையும் குளோரினையும் எக்காரணம் கொண்டும் சேர்த்துவிடாதீர்கள், விஷ வாயு வரும், இடையில் நன்றாகத் தண்ணீர் விட்டு அலச வேண்டும்.

அப்புறம் அந்தச் சுடுதண்ணீர். எடுத்த எடுப்பில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் பால் புரதம் வெந்து ஒட்டிக்கொள்ளும். முதல் அலசல் வெதுவெதுப்பான தண்ணீரில், பிறகு சோப்பு போட்டு பிரஷ்ஷால் தேய்ப்பு, மறுபடி அலசல், குளோரின் கடைசியில். 4 சதவீத ஹைப்போகுளோரைட் என்றால் லிட்டருக்கு 5 மில்லி, அது 200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 200 பங்கு) வரும். அதற்கு மேல் தேவையே இல்லை.

உண்மையில் எனக்குச் சந்தேகம் உங்கள் மேசை மேல் அவ்வளவாக இல்லை. பன்னீரைக் கட்டி அழுத்துகிற துணி, வெட்டுகிற பலகையில் கத்தி போட்ட கீறல்கள், அதைவிட முக்கியமாக அழுத்தியதும் பன்னீரைப் போட்டு வைக்கிற குளிர்ந்த நீர்த் தொட்டி. சூடோமோனாஸ் மாதிரியான கிருமிகளுக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை, பன்னீர் மேல் வழவழப்பு வருவதும் பெரும்பாலும் இப்படிப்பட்டவற்றால்தான். தொட்டியின் உள்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, விரலால் தடவிப் பாருங்கள். வழுக்கினால் விஷயம் அங்கேதான். தரையில் இருக்கும் சாக்கடை வாயில் பிரஷர் ஹோஸ் அடிக்கிற பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள், அங்கிருந்து தெறிக்கிற சாரல் சுத்தம் செய்த மேசையில்தான் வந்து இறங்கும்.

இது சின்ன யூனிட்டுக்கு மட்டும் வருகிற தலைவலி என்று நினைக்க வேண்டாம். 2008-ல் கனடாவில் மேப்பிள் லீஃப் நிறுவனத்தின் டொரன்டோ ஆலையில் இருந்து வந்த இறைச்சித் துண்டுகளால் லிஸ்டீரியா என்ற கிருமி பரவி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கிருமி இருந்ததாகச் சொல்லப்பட்டது, இறைச்சி சீவும் இயந்திரத்தில் வழக்கமாகக் கழுவும்போது கை எட்டாத உள்பகுதியில்.

துணியைச் சோப்பில் துவைத்து, கொதிக்க வைத்து, வெயிலில் முழுக்கக் காய விடுங்கள், ஈரத்தோடு மடித்து வைக்காதீர்கள். கீறல் விழுந்த பலகையைத் தூக்கிப் போட்டுவிடலாம். அடுத்த ஸ்வாபைத் தொட்டிச் சுவரிலும், துணியிலும், குழாய் வாய்க்கு உள்ளேயும் எடுத்துவிட்டு, எதில் எவ்வளவு வந்தது என்று கமெண்டில் போடுங்கள், பார்க்கலாம்.