மண்டபம் கடலில் வெளுத்த பவளம் செத்துவிட்டதா?

வணக்கம். மே மாதம் ராமேஸ்வரம் அருகே மண்டபம் பக்கம் கண்ணாடிப் படகில் போனபோது பவளம் வெள்ளைவெளேரென்று இருந்தது, செத்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். வெளுத்ததெல்லாம் செத்ததல்ல. கடல்நீர் வாரக்கணக்கில் வழக்கத்தைவிடச் சூடாகவே கிடந்தால், பவளம் தன் உடலுக்குள் வாழும் நுண்பாசியை வெளியேற்றிவிடும். பவளத்துக்கு நிறத்தையும் சாப்பாட்டின் பெரும்பகுதியையும் தருவது அந்தப் பாசிதான், அதனால் இரண்டும் போகும். மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் நடந்தது இதுதான்.

எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெண்மை சுத்தமாக, பளிச்சென்று இருந்தால் இன்னும் உயிர் இருக்க வாய்ப்புண்டு, பட்டினி கிடக்கிறது, அவ்வளவுதான். மேலே இழையிழையாக வேறு பாசி படர்ந்திருந்தால் அந்தப் பகுதி போய்விட்டது. கிளைவிடும் மான்கொம்பு வகைதான் பெரும்பாலும் முதலில் சாகும், உருண்டை வகை தாக்குப்பிடிக்கும். நீர் சீக்கிரம் குளிர்ந்தால் சில மாதங்களில் நிறம் திரும்பலாம்.

பவளத்தில் ஒரு துண்டு எடுத்து வரலாமா என்று உங்கள் தம்பி கேட்டாரே, ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தயவுசெய்து அவரிடம் சொல்லிவிடுங்கள்.